காவல் மீன்கள்

தூத்துக்குடி என்றதும் முத்து நம் நினைவுக்கு வரும். மன்னார் வளைகுடாவின் அடியில் விளைந்த முத்துகள் கொற்கையின் புகழைக் கடல் கடந்த நாடுகளுக்குக் கொண்டு சென்றன. அம்முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆயினும், முத்தின் பெயரைத் தாங்கிய மீன் ஒன்று இன்றும் நம் கழிமுகங்களில் வாழ்கின்றது. தாமிரபரணி புன்னைக்காயலுக்கு அருகே கடலோடு கலக்கின்றது. அவ்வாறு ஆற்று நீரும் கடல்நீரும் கூடும் இடங்களே அம்மீனுக்கு உகந்தவை. அதன் செதில்களில் முத்துப் பதித்தாற்போல வெண்புள்ளிகள் ஒளிரும். ஆதலின், ஆங்கிலத்தில் அதற்கு முத்துப்புள்ளி என்று பொருள்படும் பெயர் அமைந்தது. மலையாளிகள் கரிமீன் எனப் போற்றுவதும், 2010-ஆம் ஆண்டில் கேரளத்தின் மாநில மீனாக அறிவிக்கப்பெற்றதும் இம்மீனே ஆகும்.

கரிமீன் சிக்லிடு என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்தில் ஆயிரத்தைந்நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பல ஆப்பிரிக்க ஏரிகளிலும் அமெரிக்க ஆறுகளிலும் வாழ்வன. இந்தியாவுக்கு உரியவை மூன்றே. கரிமீன் ஒன்று, செல்லக்காசு என வழங்கும் சிறிய மஞ்சள் மீன் மற்றொன்று, கர்நாடகக் கரையோரத்து ஆறுகள் சிலவற்றில் அரிதாகக் காணப்பெறும் கனரா மீன் மூன்றாவது. இவற்றின் நெருங்கிய உறவினங்கள் நெடுந்தொலைவிலுள்ள மடகாஸ்கர் தீவில் வாழ்கின்றன.

வீட்டில் மீன் வளர்ப்போர் சிக்லிடு மீன்களைப் பற்றிக் கூறும் குறை ஒன்று உண்டு. அவை பொல்லாதவை, உடன் இருக்கும் மீன்களைத் துரத்திக் கடித்துக் கொன்றுவிடும் என்பர். அக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், அச்சினத்திற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான மீன்கள் முட்டையிட்டபின் அவற்றைத் திரும்பியும் பாரா. சிக்லிடு மீன்களோ முட்டையையும் குஞ்சையும் காத்து வளர்ப்பவை. காக்க வேண்டுமாயின் ஓர் இடம் வேண்டும். அவ்விடத்தை அணுகும் பகையை விரட்டும் துணிவும் வேண்டும். ஆற்றில் தோற்ற மீன் விலகி ஓடிவிடும். கண்ணாடித் தொட்டியில் அது எங்கே ஓடும்? ஆகவே, ஆற்றில் சிறு பூசலாக முடிவது தொட்டியில் கொலையாக முடிகின்றது. பிழை பெரிதும் மீனுடையதன்று. இடம் அறியாமல் வளர்ப்பவருடையதே ஆகும்.

செல்லக்காசை வளர்க்க விரும்புவோர் இவ்வுண்மையை மனத்திற்கொள்ள வேண்டும். அஃது ஏறத்தாழ 8 செ.மீ. நீளமே வளரும். ஓர் இணைக்கு 60 செ.மீ. நீளமுள்ள தொட்டி போதும். புதிய தொட்டியில் உடனே மீனை விடுதல் தவறு. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு பிறக்கின்றது. அதனை மாற்றவல்ல நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருகச் சில வாரங்கள் ஆகும். லிட்டருக்கு 5 கிராம் அளவு கடலுப்புச் சேர்ப்பின், கழிமுக நீரை ஒத்த மென்மையான உவர்ப்பு உண்டாகும். வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுதல் வேண்டும்.

முதலில் ஆறு இளமீன்களைப் பெரிய தொட்டி ஒன்றில் ஒன்றாக வளர்ப்பது நன்று. இரண்டே மீன்கள் இருப்பின் வலிய மீனின் தாக்குதல் முழுவதும் மெலிய மீனின்மேல் விழும். பல இருப்பின் அது பகிரப்படும். கற்களையும் ஓட்டுத் துண்டுகளையும் மறைவிடங்களாக அமைக்க வேண்டும். நாளடைவில் இரண்டு மீன்கள் தாமே இணை சேர்ந்து, ஒரு மூலையைத் தமதாக்கிக்கொள்ளும். அப்பொழுது மற்றவற்றை வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.

இணை சேர்ந்த மீன்கள் கல் ஒன்றினை வாயால் துப்புரவு செய்யும். பெண்மீன் அதன்மேல் ஏறக்குறைய இருநூறு முட்டைகளை ஒட்டவைக்கும். பின்னர், தாயும் தந்தையும் முறை மாற்றிக் காவல் புரியும். துடுப்பால் விசிறி முட்டைகளுக்குப் புதுநீர் அளிக்கும். சில நாட்களில் பொரித்த குஞ்சுகளை மணற்குழியில் இட்டுக் காக்கும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் பெற்றோரின் உடலை மொய்த்து, அதன்மேல் ஊறும் பசையை உண்ணும். இச்செயலை அமெரிக்க ஆய்வாளர்களான ஜாக் வார்டும் ஜார்ஜ் பார்லோவும் 1967-ஆம் ஆண்டில் விரித்து எழுதினர். நீந்தும் குஞ்சுகளுக்கு ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய இறால்வகையின் குஞ்சுகளையும் உணவாக இடலாம். தூத்துக்குடி உப்பளங்களில் வாழும் உயிர்களுள் அதுவும் ஒன்று.

மீன் வளர்ப்பு வெறும் பொழுதுபோக்கோ எனச் சிலர் வினவலாம். மடகாஸ்கரில் மங்கரஹாரா என்னும் ஆற்றுக்கு உரிய சிக்லிடு இனம் ஒன்று அழிவின் விளிம்பை அடைந்தது. 2013-ஆம் ஆண்டில் லண்டன் விலங்கியற் பூங்காவில் இரண்டும் பெர்லின் பூங்காவில் ஒன்றுமாக ஆண்மீன்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. பெர்லினில் இருந்த பெண்மீனை, இனப்பெருக்க முயற்சியின்போது ஆண்மீனே கொன்றுவிட்டது. பெண்மீன் எவரிடமேனும் உண்டோ என லண்டன் பூங்காவினர் உலகெங்கும் மீன் வளர்ப்போரிடம் வேண்டினர். அவ்வாண்டின் இறுதியிலேயே, மடகாஸ்கரில் எஞ்சிய நீர்நிலை ஒன்றில் அம்மீன்கள் சில கண்டெடுக்கப்பட்டன. ஓர் இனத்தின் வாழ்வே மீனின் குணமறிந்து வளர்ப்பவரின் கையில் தங்கியிருக்கும் காலமும் உண்டு என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

வளர்ப்பவருக்குக் கடமை ஒன்றும் உண்டு. சண்டையிடும் மீனை வைத்துக்கொள்ள இயலாதபொழுது, இரக்கத்தால் அதனைக் குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடுவோர் உளர். அஃது இரக்கமன்று. ஆப்பிரிக்கச் சிக்லிடு இனமாகிய ஜிலேபிக் கெண்டை 1952-ஆம் ஆண்டில் உணவின்பொருட்டு நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலேயே வைத்துக் காப்பது. நாம் வியந்து போற்றும் அக்காவலே அதனை விரைந்து பெருகச் செய்தது. குளம், கண்மாய், ஆறு எங்கும் பரவி, நாட்டு மீன்களின் இரைக்கும் இடத்திற்கும் அது போட்டியாயிற்று. தன் நாட்டில் நற்பண்பாக நின்றது, அயல் நீரில் பிற உயிர்களுக்கு இடராக மாறியது. தென்னமெரிக்காவின் ஆஸ்கார் மீனும், கலப்பினமாகிய ஃபிளவர்ஹார்ன் மீனும் இன்று கடைகளில் விற்கப்படுகின்றன. அவற்றை நம் நீர்நிலைகளில் விடுவோர் அதே பிழையை மீண்டும் செய்பவர் ஆவர். வளர்க்க இயலாத மீனை விற்றவரிடமோ, வளர்க்கத் தெரிந்த மற்றொருவரிடமோ ஒப்படைத்தலே முறை.

கல்லின்மேல் ஒட்டிய முட்டைகளைச் சுற்றிவரும் சிறுமீன், கண்ணாடிக்கு வெளியே நீளும் நம் விரலையும் எதிர்த்துப் பாயும். அதன் உருவம் சிறிது. அதன் காவலோ பெரிது. தன் குஞ்சுகளைக் காக்க அது தன் எல்லையில் நிற்கின்றது. அதனை வளர்க்கும் நாமும் நம் எல்லையை அறிந்து, தொட்டியிலுள்ள உயிரையும் ஆற்றிலுள்ள உயிர்களையும் ஒருங்கே காத்தல் வேண்டும்.