கேம்ஸ் ஆடும்போது லேப்டாப் கொதிக்கிறதா? பிராசசர் சூட்டைக் கட்டுப்படுத்தும் வழிகள்

புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி இது. இணையம் பார்க்கும்போதும் கடிதம் டைப் செய்யும்போதும் சத்தமே இல்லாமல் இருந்த லேப்டாப், கேம் ஒன்றைத் தொடங்கிய பத்து நிமிடத்தில் விசிறி இரைய, கீ போர்டின் மேல்பகுதி கை வைக்க முடியாத அளவு சூடாகிறது. சற்று நேரத்தில் திரையில் காட்சிகள் திக்கித் திக்கி நகர்கின்றன. "லேப்டாப் எரிந்துவிடுமோ?" என்று வீட்டில் பயம் வந்துவிடுகிறது.

பயம் முழுவதும் வீண் அல்ல. மேசைக் கம்ப்யூட்டரில் பிராசசர் பழுதானால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். இன்றைய லேப்டாப்கள் ஏறத்தாழ அனைத்திலும் பிராசசர் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டுள்ளது. பழுது வந்தால் போர்டையே மாற்ற வேண்டியதிருக்கும். அதற்கு ஆகும் செலவு பெரிது. ஆகவே சூடு எதனால் வருகிறது, எந்த அளவு வரை கவலை இல்லை, செலவில்லாமல் அதை எப்படிக் குறைக்கலாம் என்பதை இங்கு வரிசையாகப் பார்ப்போம்.

சூடு எங்கிருந்து வருகிறது?

பிராசசர் எடுத்துக்கொள்ளும் மின்சக்தி முழுவதும் கடைசியில் வெப்பமாகவே வெளியேறுகிறது. 45 வாட் எடுத்தால் 45 வாட் வெப்பம். இன்டெல் நிறுவனத்தின் கோர் ஐ7-12700எச் என்ற லேப்டாப் பிராசசரை எடுத்துக்கொள்வோம். இதன் அடிப்படை மின்சக்தி 45 வாட். ஆனால் டர்போ என்னும் கூடுதல் வேகத்தில் இயங்கும்போது 115 வாட் வரை எடுத்துக்கொள்ள இதற்கு அனுமதி உண்டு. கேமிங் லேப்டாப்பில் இதன் பக்கத்திலேயே தனியாக ஒரு கிராபிக்ஸ் சிப்பும் இருக்கும். அதுவும் தன் பங்குக்கு வெப்பத்தைக் கக்கும். இரண்டும் சேர்ந்து, பழைய குண்டு பல்புகள் இரண்டு மூன்றை ஒரு சிறிய பெட்டிக்குள் எரியவிட்டது போன்ற நிலையை உண்டாக்குகின்றன.

இந்த வெப்பத்தை வெளியேற்ற லேப்டாப்பினுள் மூன்று உறுப்புகள் உள்ளன. பிராசசரின் மேல் தடவப்பட்டிருக்கும் தெர்மல் பேஸ்ட், வெப்பத்தைத் தாமிரத் தகட்டுக்குக் கடத்துகிறது. தகட்டுடன் இணைந்த ஹீட் பைப் என்னும் தாமிரக் குழாயினுள் சிறிதளவு திரவம் இருக்கும். அது சூட்டில் ஆவியாகி மறுமுனைக்குச் சென்று, அங்கு குளிர்ந்து மீண்டும் திரவமாகித் திரும்புகிறது. மறுமுனையில் உள்ள மெல்லிய உலோக இதழ்களின் வழியே விசிறி காற்றைத் தள்ளி வெப்பத்தை வெளியேற்றுகிறது. இந்த மூன்றில் எது தடைபட்டாலும் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

அறையின் வெப்பமும் முக்கியம். விசிறி அறைக் காற்றைத்தான் இழுக்கிறது. 25 டிகிரி உள்ள குளிர்சாதன அறையில் ஆடுவதற்கும், சித்திரை மாத மதியம் 38 டிகிரி உள்ள அறையில் ஆடுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. தொடக்கமே 13 டிகிரி கூடுதல்.

எத்தனை டிகிரி வரை கவலை இல்லை?

ஒவ்வொரு பிராசசருக்கும் தாங்கும் எல்லை ஒன்றை அதைத் தயாரித்த நிறுவனம் நிர்ணயித்துள்ளது. இன்டெல் லேப்டாப் பிராசசர்கள் பலவற்றில் இது 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டி ரைசன் லேப்டாப் பிராசசர்களில் மாடலைப் பொறுத்து 95 முதல் 105 டிகிரி வரை. இந்த எல்லையை நெருங்கியதும் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதற்குத் தெர்மல் த்ராட்லிங் என்று பெயர். அப்படியும் சூடு ஏறிக்கொண்டே போனால் லேப்டாப் தானே நின்றுவிடும். எனவே கேம் ஆடும்போது பிராசசர் திடீரென எரிந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை.

கேம் ஆடும்போது 75 முதல் 85 டிகிரி என்பது கேமிங் லேப்டாப்பில் வழக்கமானதே. அவ்வப்போது 90ஐத் தொட்டு இறங்கினாலும் தவறில்லை. தொடர்ந்து 95க்கு மேல் நிற்பதும், அதனால் வேகம் குறைவதும்தான் கவனிக்க வேண்டியவை. நீண்ட நாள் இப்படி ஓடினால் பிராசசரைவிடப் பக்கத்தில் உள்ள பேட்டரிக்குத்தான் முதல் பாதிப்பு. லித்தியம் அயான் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. அதன் ஆயுள் குறைந்துவிடும்.

முதலில் அளந்து பாருங்கள்

தொட்டுப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அளந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

1. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச புரோகிராமை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிப் பதிந்துகொள்ளவும். இயக்கும்போது சென்சார் விவரங்களை மட்டும் காட்டும் பிரிவைத் தேர்ந்தெடுக்கவும்.

2. இதனைத் திறந்து வைத்துவிட்டு, வழக்கமாக ஆடும் கேமை 20 நிமிடம் ஆடவும்.

3. பின் இந்த விண்டோவுக்கு வந்து, மேக்ஸிமம் என்ற நெட்டு வரிசையில் பிராசசரின் வெப்பத்தைப் பார்க்கவும். ஆடும்போது எட்டிய உச்ச அளவு இது. இன்டெல் பிராசசராக இருந்தால், தெர்மல் த்ராட்லிங் என்ற வரிக்கு எதிரே எஸ் என்று உள்ளதா எனவும் பார்க்கவும்.

4. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் கிடைக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பிரிவில் சிபியூ மீது கிளிக் செய்தால், அப்போதைய வேகமும் அடிப்படை வேகமும் தெரியும். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகம் அடிப்படை அளவுக்கும் கீழே சரிந்து, வெப்பமும் எல்லையைத் தொட்டிருந்தால், சூடுதான் காரணம்.

கேம் தொடங்கியதிலிருந்தே திக்கினால், அதே சமயம் வெப்பம் 70 டிகிரி அளவில்தான் இருந்தால், குறை சூட்டில் இல்லை. ராம் நினைவகம் போதாமல் இருக்கலாம், அல்லது கிராபிக்ஸ் சிப்புக்கு அந்த கேம் சக்திக்கு மீறியதாக இருக்கலாம். முதல் பத்து நிமிடம் சீராக ஓடிப் பிறகு திக்கினால் மட்டுமே சூட்டைச் சந்தேகிக்கவும். இந்த வேறுபாடு தெரியாமல் பலர் கூலிங் பேட் வாங்கிப் பணத்தை வீணாக்குகிறார்கள்.

கிடைத்த எண்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இனி வரும் வழிகளில் ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொரு முறையும் அதே கேமை, அதே அறையில், அதே 20 நிமிடம் ஆடி அளக்கவும். நான்கைந்தை ஒரே நேரத்தில் செய்துவிட்டால் எதனால் பலன் கிடைத்தது என்பது தெரியாது.

வழி 1: காற்றுக்கு வழி விடுங்கள்

பெரும்பாலான லேப்டாப்கள் அடிப்பகுதி வழியே காற்றை இழுத்து, பின்புறமோ பக்கவாட்டிலோ வெளியேற்றுகின்றன. மெத்தை, தலையணை, மடி, துணி விரித்த மேசை ஆகியவற்றில் வைத்தால் அடியில் உள்ள துளைகள் அடைபடும். கெட்டியான மேசையில் வைக்கவும். பின்பக்கம் இரு ஓரங்களிலும் ஒரே உயரமுள்ள ரப்பர் கட்டையையோ சிறு மரத்துண்டையோ கொடுத்து 2 அல்லது 3 சென்டிமீட்டர் உயர்த்தவும். துளைகளை மறைக்காமல் வைப்பது அவசியம். பின்புறம் சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும்.

இவ்வளவும் செய்து வெப்பம் குறைந்தால், கூலிங் பேட் வாங்குவதைப் பற்றி அதன் பின் யோசிக்கலாம். இதிலேயே பலன் இல்லை என்றால், சாதாரண கூலிங் பேடிலிருந்தும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

மடியில் வைத்து ஆடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். தினமும் பல மணி நேரம் சூடு பட்டால் தொடைத் தோலில் வலைபோன்ற நிறமாற்றம் ஏற்படும் என்பதை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். குறிப்பாகச் சிறுவர்களிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லவும்.

வழி 2: தேவையில்லாத பிரேம்களை நிறுத்துங்கள்

உங்கள் திரை 60 ஹெர்ட்ஸ் என்றால், ஒரு விநாடியில் 60 காட்சிகளை மட்டுமே அது காட்டும். ஆனால் கேம் 110 பிரேம்களைத் தயாரித்துக்கொண்டிருக்கலாம். மிகுதி 50 பிரேம்களுக்கான உழைப்பு பெரும்பாலும் சூடாகத்தான் வீணாகிறது. அதற்கு எல்லை போட்டால் பிராசசர், கிராபிக்ஸ் சிப் இரண்டுமே ஓய்வு பெறும்.

கேமின் செட்டிங்ஸில் பிரேம் லிமிட் அல்லது வெர்டிகல் சிங்க் என்று இருக்கும். அதில் 60 என அமைக்கவும். கேமில் இந்த வசதி இல்லை என்றால், என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, மேனேஜ் 3டி செட்டிங்ஸ் பகுதியில் மேக்ஸ் பிரேம் ரேட் என்பதை ஆன் செய்து 60 என அமைக்கலாம். என்விடியா நிறுவனம் 2020 ஜனவரியில் இந்த வசதியைத் தந்தது. ஏஎம்டி கிராபிக்ஸ் எனில் ரேடியான் சில் என்ற வசதியைப் பயன்படுத்தவும். உங்கள் லேப்டாப் 45 பிரேம்தான் தருகிறது என்றால், 60 என்ற எல்லையால் பயன் இல்லை. நிழல் போன்ற காட்சி நுணுக்கங்களை ஒரு படி குறைக்கவும்.

வழி 3: டர்போ வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள்

பிராசசரின் வேகம் கூடும்போது அதற்குத் தரும் வோல்டேஜும் கூட வேண்டும். செலவாகும் மின்சக்தி வேகத்திற்கு ஏற்பவும், வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பவும் உயர்கிறது. கணக்கு ஒன்று பார்ப்போம். 4.4 கிகாஹெர்ட்ஸ் வேகத்திற்கு 1.2 வோல்ட் தேவை, 3.5 கிகாஹெர்ட்ஸுக்கு 1.0 வோல்ட் போதும் என்று வைத்துக்கொள்வோம். வேகம் 20 சதவீதம்தான் குறைகிறது. மின்சக்தியோ ஏறத்தாழ 45 சதவீதம் குறைந்துவிடுகிறது. கடைசிச் சிறிதளவு வேகத்திற்காகத்தான் இவ்வளவு சூடு. இன்டெல் நிறுவனமே 2004ல், 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 பிராசசரைக் கொண்டுவரும் திட்டத்தைக் கைவிட்டு, ஒரே சிப்பில் பல கோர்கள் என்ற பாதைக்குத் திரும்பியது. அதற்கு வெப்பமும் மின்செலவும் முக்கியக் காரணங்கள்.

எளிய வழி, லேப்டாப் நிறுவனம் தந்துள்ள புரோகிராமைத் திறப்பதுதான். லெனோவோவில் வான்டேஜ், ஆசுஸில் ஆர்மரி கிரேட், ஏசரில் நைட்ரோசென்ஸ், ஹெச்பியில் ஓமன் கேமிங் ஹப் என ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். அதில் பெர்ஃபார்மன்ஸ் நிலையிலிருந்து பேலன்ஸ்டு நிலைக்கு மாற்றவும்.

அப்படி எதுவும் இல்லை எனில் விண்டோஸிலேயே அமைக்கலாம்.

1. ஸ்டார்ட் அழுத்தி, கன்ட்ரோல் பேனல் எனத் தேடித் திறக்கவும்.
2. ஹார்ட்வேர் அண்ட் சவுண்ட், பின்னர் பவர் ஆப்ஷன்ஸ் செல்லவும்.
3. பயன்பாட்டில் உள்ள பிளானுக்கு எதிரே சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ், அடுத்து சேஞ்ச் அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ் மீது கிளிக் செய்யவும்.
4. பிராசசர் பவர் மேனேஜ்மென்ட் என்பதை விரித்து, மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட் என்பதில் ப்ளக்டு இன் அளவை 100லிருந்து 99 ஆக்கி ஓகே தரவும்.

ஒரு சதவீதம்தானே என்று எண்ண வேண்டாம். 99 என்று அமைத்தால் பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ முழுவதுமாக நின்றுவிடும். வெப்பம் சட்டென்று இறங்குவதைக் காணலாம். ஆனால் வேகமும் அடிப்படை அளவுக்கு வந்துவிடும். பல கேமிங் பிராசசர்களில் அது 2 முதல் 3 கிகாஹெர்ட்ஸ்தான். கிராபிக்ஸ் சிப்பை மட்டும் அதிகம் நம்பும் கேம்களில் வேறுபாடு தெரியாது. இரண்டு சிப்களும் ஒரே ஹீட் பைப்பைப் பகிர்ந்துகொள்ளும் லேப்டாப்களில், பிராசசர் குளிர்வதால் கிராபிக்ஸ் சிப் கூடுதல் நேரம் முழு வேகத்தில் ஓடவும் கூடும். பிராசசரை நம்பும் கேம்களில் பிரேம்கள் குறையும். அப்போது மீண்டும் 100 ஆக்கிவிடலாம். எந்தக் கெடுதலும் இல்லை.

சில புதிய லேப்டாப்களில் இந்தப் பிரிவு காட்டப்படாது. அவற்றில் விண்டோஸ் 11 செட்டிங்ஸில், சிஸ்டம், பவர் அண்ட் பேட்டரி சென்று, பவர் மோட் என்பதில் பேலன்ஸ்டு என அமைக்கவும்.

வோல்டேஜை மட்டும் தனியே குறைக்கும் அண்டர்வோல்டிங் என்ற முறையும் உண்டு. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறைபாடு வெளியான பின்னர், பல நிறுவனங்கள் பயாஸ் மூலம் இதைப் பூட்டிவிட்டன. புதியவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

வழி 4: தூசியைக் கவனியுங்கள்

வாங்கியபோது 80 டிகிரியில் நின்ற அதே கேம், ஓராண்டு கழித்து 95ஐத் தொட்டால், உலோக இதழ்களில் தூசி படிந்திருக்கும். லேப்டாப்பை ஷட் டவுன் செய்து, சார்ஜரை எடுத்துவிட்டு, காற்று ஊதும் கேன் அல்லது கை புளோயரால் துளைகளில் விட்டு விட்டு ஊதவும். விசிறி இறக்கை எட்டினால், மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் அது சுழலாமல் தடுத்துக்கொள்ளவும். ஊதும் வேகத்தில் அளவுக்கு மீறிச் சுழன்றால் பேரிங் கெடலாம். வாக்குவம் கிளீனர் வேண்டாம். அதில் உண்டாகும் நிலைமின்சாரம் உள்ளே உள்ள சிப்களைப் பாதிக்கலாம்.

தெர்மல் பேஸ்ட் சில ஆண்டுகளில் காய்ந்துபோகும். புது லேப்டாப்பில் அதை மாற்றச் சொல்லி யாராவது பணம் கேட்டால் அவசரப்பட வேண்டாம். வாரண்டி காலத்தில் அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டருக்கே கொண்டு செல்லவும். சில உயர்விலை கேமிங் லேப்டாப்களில் பேஸ்ட்டுக்குப் பதில் திரவ உலோகம் உள்ளது. அது மின்சாரத்தைக் கடத்தும். ஒரு துளி போர்டில் விழுந்தாலும் ஆபத்து.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, சமதளத்தில் வைத்த லேப்டாப் ஆடினாலோ, அடிப்பகுதி புடைத்திருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கலாம். லேப்டாப்பை உடனே நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் செல்லவும். அழுத்தியோ குத்தியோ பார்க்கக் கூடாது, தீப்பற்றும். விசிறியிலிருந்து உராயும் ஓசை வந்தாலும், வெப்பம் ஏறியும் விசிறி சுழலவே இல்லை என்றாலும் கேம் ஆடுவதை நிறுத்தவும்.

சூட்டைத் தணிக்க ஈரத் துணி சுற்றுவது, ஐஸ் பொட்டலம் வைப்பது, பிரிட்ஜுக்குள் வைப்பது ஆகியவை கூடவே கூடாது. உள்ளே ஈரம் படிந்து போர்டு கெட்டுவிடும்.

சார்ஜரில் இணைத்தபடியே ஆடுபவர்கள், நிறுவனம் தரும் புரோகிராமில் பேட்டரி சார்ஜ் எல்லையை 80 சதவீதம் என அமைக்கவும். வெப்பமும் முழுச் சார்ஜும் சேர்ந்து பேட்டரியை வீணாக்குவதை இது குறைக்கும்.

முதல் இரண்டு வழிகளுக்கும் செலவே இல்லை. கால் மணி நேரம் போதும். இன்றே அளந்து, தாளில் தேதியுடன் குறித்து, லேப்டாப் பில்லுடன் சேர்த்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து மீண்டும் அளக்கும்போது, உங்கள் லேப்டாப்பின் உடல்நலத்தை அந்தத் தாளே சொல்லிவிடும்.