கூத்துக்காரத் தம்பிக்கு

தம்பி,

பாரதக் கூத்தில் நீ கட்டிய வேஷத்தைப் பற்றிப் பேப்பரில் ஒரு வரிகூட வரவில்லை என்று குறைப்பட்டிருந்தாய். நிருபருக்கு நீ அனுப்பியதைப் பார்த்தேன்: கலர் நோட்டீஸ், உபயதாரர் பெயர்கள், 'அனைவரும் வருக'. அது அழைப்பிதழ். அதில் செய்தி எங்கே இருக்கிறது?

திருப்பதி நிருபரின் பொழுதை மலையே தின்றுவிடும். தரிசன வரிசை, வி.ஐ.பி. வருகை, உண்டியல் வசூல். பிரம்மோற்சவ நாட்களில் அவரைக் கூப்பிடவே கூப்பிடாதே. 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி தனி மாவட்டமானபோது புத்தூர் அதோடு போனது, நகரி சித்தூரில் நின்றது. எந்த ஊர் யார் ஏரியா என்று தெரியாமல் போன் போட்டால் இரண்டு மாவட்ட நிருபர்களுமே கைவிரிப்பார்கள். உங்கள் மண்டலத்துப் பகுதிநேர நிருபரைப் பிடி. பகுதிநேர நிருபர்களில் பலருக்குச் சம்பளம் கிடையாது, அச்சான அளவுக்குத்தான் காசு. நல்ல செய்தி அவருக்கும் பிழைப்பு. கவர் மட்டும் நீட்டாதே. அடுத்த வருஷமும் எதிர்பார்ப்பார், மானமுள்ளவரென்றால் வரவே மாட்டார்.

நேரம்தான் பெரிய சிக்கல். நீ கிரீடம் கட்டித் திரைக்கு வெளியே வரும்போது மாவட்டப் பக்கம் முடிந்திருக்கும். விடிய விடிய ஆடியது மறுநாள் பேப்பரில் எப்படி வரும்? பொழுது சாயும்போது, அரிதாரம் பூசுகிற இடத்துக்கே படமெடுக்க வரச்சொல். துரியோதனன் வீழும் படுகளம் பகலில் நடப்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மண்ணில் கிடக்கும் துரியோதனன் படம் ஊர் ஊராக வந்து குவியும். உன் ஊரில் என்ன புதுசு என்று கேட்பார்கள்.

உங்கள் கட்டியக்காரன் தமிழில் தொடங்கி நக்கலைத் தெலுங்கில் முடிக்கிறாரே, அதைச் சொல். 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, நீங்கள் ஆந்திராவில் நின்றீர்கள். பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கு படிக்கிறார்கள். பாஞ்சாலி இன்னும் தமிழில் சபதம் போடுகிறாள். தமிழ் எழுத்தே தெரியாத பையன் தெலுங்கு எழுத்தில் வசனத்தை எழுதிவைத்து மனப்பாடம் செய்தால், அதை விட்டுவிடும் நிருபர் நிருபரே இல்லை.

தெலுங்குப் பேப்பருக்குத் தெலுங்கிலேயே எழுதிக் கொடு. வாத்தியார் பெயர், ஊர், போன் நம்பர் பிழையில்லாமல் இருக்கட்டும். கொடியேற்றத்துக்கு நாள் குறித்ததும் முதல் போன் நிருபருக்குப் போகட்டும், நோட்டீஸ் அடிப்பவருக்கு அப்புறம்.

அன்புடன்,
அண்ணன்