நிரலும் விளக்கமும் ஒரே ஏட்டில்

கணிப்பொறிக்கு நிரல் எழுதிய அலுவலர் ஒருவர் பணி மாறிச் செல்கிறார். பின்வருபவர் அந்நிரலை நோக்கும்போது கட்டளைகளைக் காண்கிறார், காரணங்களைக் காண்பதில்லை. விளக்கக் குறிப்பேடு தனியே இருப்பினும் பயன் குறைவே. நிரல் பன்முறை திருத்தப்பட்டிருக்கும். குறிப்பேடோ பழைய நிலையிலேயே நின்றிருக்கும். இக்குறையைக் களைய எழுந்ததே 'லிட்டரேட் புரோகிராமிங்' என்னும் முறை. தமிழில் இதனை 'நூல்நெறி நிரலாக்கம்' எனலாம்.

அமெரிக்காவிலுள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு கனூத் இம்முறையை வகுத்து, 1984-ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையில் விளக்கினார். கணிப்பொறி எதைச் செய்யவேண்டும் என நாம் விரும்புகிறோமோ, அதனை மனிதருக்கு எடுத்துரைப்பதே நிரல் எழுதுவோரின் முதற்கடமை என்பது அவர் கொள்கை.

முறை வருமாறு: எழுதுபவர் ஒரே மூல ஏட்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து எழுதுகிறார். ஒவ்வொரு பகுதியிலும் முதலில் விளக்கம், அடுத்துக் கட்டளைகள். கட்டளைத் தொகுதி ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ஓரிடத்தில் பெயரை மட்டும் குறித்துவிட்டு, விவரத்தைப் பின்னர்த் தரலாம். ஆகவே பகுதிகள் படிப்பவருக்கு விளங்கும் வரிசையில் அமைகின்றன. பின்னர் 'டேங்கிள்' என்னும் கருவி கட்டளைகளை மட்டும் திரட்டிக் கணிப்பொறிக்குரிய வரிசையில் அடுக்கும். 'வீவ்' என்னும் கருவி அதே ஏட்டிலிருந்து அச்சிடத்தக்க நூலை ஆக்கித் தரும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 30 நாள் கொண்ட மாதத்தில் 27 நாட்களின் மழையளவே கிடைத்துள்ளது. மொத்தம் 81 மி.மீ. எனக் கொள்வோம். நாள் சராசரி கணிக்கும் நிரலின் ஒரு பகுதி இவ்வாறு அமையும்:

பகுதி 4. கிடைக்காத அளவுகளை விலக்குதல்.
மழை பெய்யாத நாளுக்குப் பதிவேட்டில் 0 எனக் குறிக்கப்படும். அளவு எடுக்கப்படாத நாளுக்குரிய இடம் வெறுமையாக இருக்கும். முன்னது ஓர் அளவு. பின்னது அளவே அன்று.
கட்டளை: இடம் வெறுமையாயின் அடுத்த நாளுக்குச் செல்க, இன்றேல் அளவைக் கூட்டி, நாளெண்ணிக்கையில் 1 சேர்க்க.

இதன்படி சராசரி 3.0 மி.மீ. காரணம் அறியாத ஒருவர் வெற்றிடத்தை 0 எனத் திருத்திவிட்டால் அது 2.7 மி.மீ. ஆகிவிடும். கணிப்பொறி இரண்டையும் தடையின்றி ஏற்கும். பிழையைத் தடுப்பது அவ்விளக்கமே.

இம்முறை பெரிய நிரல்களுக்கும் பொருந்தும். கனூத் தாம் இயற்றிய 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு நிரல் முழுவதையும் விளக்கத்துடன் 1986-இல் நூலாகவே வெளியிட்டார். பிழை கண்டு தெரிவித்தோருக்குப் பரிசுத்தொகையும் அளித்தார்.

எனினும் இம்முறைக்குக் காலமும் உழைப்பும் மிகுதியாக வேண்டும். கட்டளையை மாற்றி விளக்கத்தை மாற்றாது விட்டால், ஒரே பக்கத்தில் இரண்டும் முரண்படும். இக்காலத்து 'ஜூபிட்டர்' ஏடுகளிலும் உரையும் கட்டளையும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆயினும் கட்டளைகளைப் படிப்பவருக்கேற்ற வரிசையில் அமைத்துப் பின்னர்த் திரட்டும் வசதி அவற்றில் இயல்பாக இல்லை.

தனிக் கருவிகள் இல்லாதோரும் இந்நெறியைக் கைக்கொள்ளலாம். களப்பணியாளர் கட்டளைக்கு மேலேயே அதன் காரணத்தை எழுதுக. கட்டளையைத் திருத்தும்போது காரணத்தையும் உடனே திருத்துக. ஆசிரியர்கள், மாணவர் கட்டளை எழுதுமுன் அதன் காரணத்தை இரண்டு வாக்கியங்களில் எழுதுமாறு பயிற்றலாம். அவ்வாறு எழுத இயலாத மாணவர் கணக்கை இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை என்பது அப்போதே புலனாகும்.