நகத்தின் மூலையில் கை வைக்காதீர்கள்!

காலை ஏழு மணி. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில், அமராவதி ஆற்றங்கரையில் இருக்கிற கொமரலிங்கத்தில் ஒரு வீட்டை மனசில் நினைத்துக் கொள்ளுங்கள். பத்தாவது படிக்கும் பையன் ஷூவை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்புகிறான். வாசற்படியைத் தாண்டும்போதே முகம் சுளிக்கிறது.

"ஏஞ்சாமி நொண்டறே?" என்கிறார் பாட்டி.

"ஒண்ணுமில்லீங்க ஆத்தா... கட்டை விரல்ல நகம் குத்துது."

"ஓரத்துல பிளேடு வெச்சுச் சீவி உடு. சரியாப் போயிரும்."

சீவி விடுகிறான். அன்றைக்கு நிஜமாகவே சுகமாக இருக்கிறது! ஆனால், சில வாரங்களில் மறுபடியும் குத்தல். இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் ஆழமாகச் சீவுகிறான். அடுத்த மாதம் விரல் ஓரம் சிவந்து, வீங்கி, சாக்ஸில் மஞ்சளாகச் சீழ்க் கறை.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி நொண்டியிருப்பார்கள். 'நகம்தானே' என்று விட்டுவிடுவோம். இதில் நாம் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: வலி போவதற்காக எந்த மூலையை வெட்டுகிறோமோ, அந்த மூலைதான் அடுத்த வலிக்கு விதை!

நகம் ஏன் சதைக்குள் போகிறது?

வயலுக்கு இரண்டு பக்கமும் வரப்பு இருப்பதுபோல, நகத்துக்கு இரண்டு பக்கமும் சதை வரப்பு இருக்கிறது. நகம் அதன் நடுவே வேரிலிருந்து முன்னோக்கி வளர்கிறது. நகத்தின் மூலை சதைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வரை பிரச்னை இல்லை.

மூலையை வளைத்து ஒட்ட வெட்டினால் என்ன ஆகிறது? பிளேடு எட்டாத ஆழத்தில், கண்ணுக்குத் தெரியாமல் ஊசி மாதிரி ஒரு துணுக்கு நின்றுவிடுகிறது. மேலே நகம் இல்லாததால் அந்த இடத்துச் சதையும் மேலெழும்பி வழியை அடைத்துக் கொள்கிறது. நகம் வளர வளர, அந்தத் துணுக்கு சதையைக் குத்திக்கொண்டு உள்ளே போகிறது. உடம்புக்கு அது முள் தைத்த மாதிரிதான். முள்ளை வெளியே தள்ளப் பார்க்கிறது, சிவக்கிறது, வீங்குகிறது.

இது மூன்று படிகளில் முற்றும். முதலில் சிவப்பு, வீக்கம், தொட்டால் வலி. இரண்டாவதாகக் கிருமி புகுந்து சீழ், துர்நாற்றம். மூன்றாவதாக, தொட்டாலே ரத்தம் கசியும் சிவந்த சதை நகத்தின் மேலேயே வளர்ந்து மூடிக்கொள்ளும்.

பலர் இதை நகச்சுத்தி என்று நினைத்து எலுமிச்சம்பழத்தைச் செருகிக் கொள்கிறார்கள். நகச்சுத்தி என்பது நகத்தைச் சுற்றியுள்ள தோலில் கிருமி புகுந்து வருவது. பெரும்பாலும் கை விரலில் வரும். கால் கட்டை விரலில் வருவது பெரும்பாலும் இந்த 'முள்' சமாசாரம்தான். முள் உள்ளே இருக்கும்வரை மேலே எதை வைத்தாலும் பயன் கொஞ்சம்தான்.

யாருக்கு அதிகம்?

* வளரும் பிள்ளைகளுக்கு. கால் வளர்ந்துவிடும், ஜூன் மாதம் வாங்கிய ஷூ வளருமா? விரல் நெருக்கப்பட்டு, வியர்வையில் தோலும் ஊறிவிடும்.

* ஷூ போட்டு நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்களுக்கு. மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறவர்கள் கவனிக்கவும்.

* சேற்றிலும் ஈரத்திலும் நிற்பவர்களுக்கு. ஊறிய சதையை நகம் எளிதில் குத்தும்.

* கல் தடுக்கியோ, பந்து உதைத்தோ விரலில் அடிபட்டவர்களுக்கு.

* பிறவியிலேயே நகம் அதிகமாக வளைந்திருப்பவர்களுக்கு. அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரலாம்.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

சிவப்பும் வலியும் மட்டும் இருக்கிற ஆரம்ப நிலையில், சர்க்கரை வியாதி இல்லாதவர்கள் வீட்டிலேயே இப்படிச் செய்து பார்க்கலாம்.

1. கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் காலை வையுங்கள். தினம் இரண்டு மூன்று தடவை. பிறகு விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடையுங்கள்.

2. ஊறிய சதையைச் சுத்தமான விரலால் நகத்திலிருந்து மெதுவாக விலக்கித் தள்ளுங்கள்.

3. மெடிக்கல் ஷாப்பில் விற்கும் சுத்தமான பஞ்சில் துளி எடுத்து, திரி போல் திரித்து, நகத்தின் மூலைக்கு அடியில் மெல்லச் செருகுங்கள். நகம் சற்றே தூக்கிக்கொண்டு சதைக்கு மேலாக வளர இது வழி செய்யும். தினம் குளித்ததும் பஞ்சை மாற்ற வேண்டும். (நம்ம ஊரில் பஞ்சுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால், மில் பஞ்சு வேண்டாம்!)

4. ஷூவுக்கு விடுமுறை. விரல் திறந்திருக்கும் செருப்பு போடுங்கள். பள்ளியில் ஒரு கடிதம் கொடுத்தால் அனுமதிப்பார்கள்.

5. வலி அதிகமானால் பாரசிட்டமால் போதும். அளவை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுக் கொள்ளுங்கள்.

பொறுமை வேண்டும். கால் கட்டை விரல் நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். மூலை சதையைத் தாண்டி வெளியே வர இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். வலி குறைந்துவிட்டதே என்று நடுவில் மூலையை வெட்டினால், போட்ட உழைப்பெல்லாம் வீண்!

செய்யவே கூடாதவை: பிளேடு, ஊக்கு, சேஃப்டி பின் கொண்டு நோண்டுவது. சுண்ணாம்பு, மயில்துத்தம் வைப்பது - இவை தோலை வேகவைத்துப் புண்ணைப் பெரிதாக்கும். சீழைப் பிதுக்குவது.

எப்போது டாக்டர்?

வீட்டு வைத்தியத்துக்கு ஒரு வாரத்தில் குறையாவிட்டால், சீழ் வந்தால், சதை வளர்ந்தால் போய்விடுங்கள். சிவப்பு விரலைத் தாண்டிப் பாதத்துக்குப் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். நகத்தடியில் கட்டியோ, புதிதாகக் கறுப்புக் கோடோ தெரிந்தாலும் காட்டுங்கள். அது வேறு நோயாக இருக்கலாம்.

"ஒரு ஆன்ட்டிபயாடிக் கோர்ஸ் போட்டா சரியாகிடாதா, டாக்டர்?" என்று கேட்பீர்கள். கிருமி பரவியிருந்தால் மாத்திரை தேவைதான். ஆனால், மாத்திரை முள்ளை எடுக்காது.

ஆபரேஷன் என்றதும் பயம் வேண்டாம். விரலின் அடியில் இரண்டு பக்கமும் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். அந்த ஊசிதான் கொஞ்சம் வலிக்கும். பிறகு, குத்துகிற ஓரத்தில் மட்டும் நகத்தை நீளவாக்கில் ஒரு கீற்றாக எடுத்துவிட்டு, அந்த இடத்து வேரில் பீனால் என்ற மருந்தைத் தொட்டு வைப்பார்கள். அந்தக் கீற்று மறுபடி முளைக்காது. ஸ்காட்லாந்தில் ஜோசப் லிஸ்டர் 1865-ல் முதன்முதலாகக் காயத்தில் கிருமியைத் தடுக்கப் பயன்படுத்தினாரே கார்பாலிக் அமிலம், அதுவேதான் இந்தப் பீனால்!

அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். சில வாரம் நீர் கசியும்; கட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். நகம் கொஞ்சம் குறுகலாகத் தெரியும், அவ்வளவுதான்.

நகத்தை முழுசாகப் பிடுங்கிவிட்டால் தொல்லை தீரும் என்று சிலர் நினைக்கிறார்கள். வேர் அப்படியே இருந்தால் 12 முதல் 18 மாதத்தில் நகம் திரும்ப முளைத்து, பழையபடி குத்தவும் கூடும். "வேருக்கு மருந்து வைப்பீங்களா டாக்டர்?" என்று கேட்கத் தயங்காதீர்கள். அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பிரிவில் விசாரியுங்கள். திருப்பூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது.

வலிக்காதவர்களே, உஷார்!

இனி, முதல் காட்சியில் வந்த பாட்டிக்கு வருவோம். அவருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நகமும் சதைக்குள் போயிருக்கிறது. ஆனால், அவர் நொண்டவில்லை. ஏன்? நரம்பு மரத்துப்போய் வலியே தெரியவில்லை!

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு 1946-ல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் அழிவதற்குப் பெரும் காரணம் வலி தெரியாமல் போவதே என்று கண்டார். வலி தெரிந்தவன் முள்ளை எடுப்பான். தெரியாதவன் அதன் மேலேயே நடப்பான். சர்க்கரைக்காரர்களின் பாதத்துக்கும் இதே ஆபத்துதான். கூடவே ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது. புரையோடி, விரலையே எடுக்கும் நிலை வரலாம். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கக்கூடும்.

அவருக்கு ஒரு சின்னப் பரீட்சை வையுங்கள். கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காலிலும் கட்டை விரல், நடு விரல், சுண்டு விரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் பூப்போல ஒன்றிரண்டு விநாடி தொடுங்கள். அழுத்தாதீர்கள். தொட்டதும் சொல்லச் சொல்லுங்கள். ஆறில் இரண்டு இடத்திலாவது தெரியவில்லை என்றால், உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று அர்த்தம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு மேலே சொன்ன வெந்நீர், பஞ்சு எதுவும் வேண்டாம். சூடு தெரியாமல் கால் வெந்துவிடும். நகம் குத்துகிற அறிகுறி தெரிந்ததும் நேரே டாக்டரிடம்தான். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருபவர்களிடமும் பாதத்தைக் காட்டிக் கேட்கலாம்.

வராமல் தடுக்க...

* குளித்த பிறகு, நகம் இளகியிருக்கும்போது வெட்டுங்கள். பிளேடு வேண்டாம், நெயில் கட்டர் போதும்.

* நேராக வெட்டுங்கள். விரல் நுனியை ஒட்டி ஒரே கோடு. மூலை கூராகத் தெரிந்தால் அரத்தால் லேசாக ராவி விடுங்கள்.

* ஷூவில் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். கால் சற்று உப்பியிருக்கும் சாயங்காலத்தில் வாங்குங்கள். பிள்ளைகளின் ஷூவை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

* சாக்ஸைத் தினமும் மாற்றுங்கள். வயலிலிருந்து வந்ததும் காலைக் கழுவி, துடைத்து விடுங்கள்.

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வீட்டில் எல்லோரும் காலை நீட்டி உட்காருங்கள். பையனின் நகத்தைப் பாருங்கள். அவன் வலிக்கிறது என்று சொல்லிவிடுவான். அதற்கு முன்னால், எதுவுமே சொல்லாத பாட்டியின் காலைப் பாருங்கள்!