மணலுக்குப் போகிற மருமகளுக்கு

தேவரா, கொச்சி,
ஐப்பசி 14

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய ஜெய்சல்மேர் பயணத் திட்டத்தை மாமா பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தார். ‘எப்படி இருக்கு அத்தை?’ என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் கடிதம். இங்கே துலாவர்ஷம். மத்தியானம் மூன்று மணி ஆனால் இடியோடு இறங்கிவிடுகிறது. துவைத்த துணி காயவில்லை, வாய்க்கால் ரோட்டுக்கு ஏறிவிட்டது, கீழ்வீட்டுச் சேச்சி மாடியில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். எழுத நேரம் நிறைய இருக்கிறது.

போகாதே என்று சொல்வதற்காக எழுதவில்லை. உன் அம்மா போனில் அழுதாள் என்பதற்காகவும் எழுதவில்லை. நாலு பெண்கள், நாலு பேரும் சம்பாதிக்கிறவர்கள், போகட்டுமே என்றுதான் அவளிடமும் சொன்னேன். ஆனால் ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் வரை காரை நீங்களே ஓட்டப்போவதாகப் போட்டிருக்கிறதே, அது யார் ஓட்டுவது? குடகுக்குப் போனபோது பம்பரை நசுக்கிய பெண்ணா? கிட்டத்தட்ட 280 கிலோமீட்டர். இருட்டினால் மாடும் ஒட்டகமும் ரோட்டுக்கு நடுவில் நிற்கும், ஹாரன் அடித்தால் நகராது. பகலில் ஓட்டுங்கள். முடிந்தால் ரயிலில் போங்கள். இதற்கு மேல் இதைப் பற்றி நான் பேசமாட்டேன்.

திட்டத்தின் தலைப்பு ‘நிதானமான பாலைவன விடுமுறை’. கீழே படித்தால் முதல் நாள் கோட்டை, பட்வா ஹவேலி, கடீசர் ஏரி, சாயங்காலம் சம் மணல்மேடு, ஒட்டகம், ஜீப், கூடாரம், ஆட்டம். மறுநாள் விடியற்காலை சூரியோதயம், பிறகு குல்தாரா, தனோட், லோங்கேவாலா. இதில் நிதானம் எங்கே இருக்கிறது? ஆபீஸை மறக்கப் போகிறேன் என்கிறாய், அட்டவணையை மட்டும் கையோடு கொண்டுபோகிறாய்.

மாமா ரிட்டயர் ஆன வருஷம் நாங்கள் போனோம், உனக்கு நினைவிருக்கும். எர்ணாகுளத்திலிருந்து மருசாகர் எக்ஸ்பிரஸில் அஜ்மீர் வரை, அங்கிருந்து வேறு ரயில். கொங்கண் குகைகளைத் தாண்டிய பிறகு பச்சை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து மண் வெளுத்துக்கொண்டே வரும். விமானத்தில் போனால் அது கிடைக்காது. சரி, உனக்கு லீவு கிடையாது, விடு.

சம் மணல்மேடு ஜெய்சல்மேருக்கு மேற்கே 40 கிலோமீட்டர். நாங்கள் தங்கிய கூடாரத்தில் ராத்திரி வெகுநேரம் வரை ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு, பின்னால் ஜெனரேட்டர். நட்சத்திரம் பார்க்கப் போன மாமா ஃபோகஸ் லைட்டைப் பார்த்துவிட்டு வந்து படுத்தார். நீங்கள் குரிக்குப் போங்கள். தென்மேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அது ஒரு கிராமம். மண் பூசிய வீடுகளிலேயே தங்க இடம் கொடுப்பார்கள். பாட்டு வேண்டுமென்றால் மங்கணியார்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர்கள் முஸ்லிம்கள். தலைமுறை தலைமுறையாக ராஜ்புத் வீடுகளில் பிள்ளை பிறந்தாலும் கல்யாணம் நடந்தாலும் பாடுவது அவர்கள்தான். அவர்கள் வில் போட்டு வாசிக்கிற கமாய்ச்சாவைக் கேள். அதை வாசித்த சாகர் கானுக்கு 2012இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர்களிடம் போய் இந்திப் படப் பாட்டு கேட்காதே. ஜெயிலர் பாட்டு கண்டிப்பாகக் கேட்காதே.

ஒட்டகத்துக்குக் கொடுக்கிற காசை ஒட்டகக்காரர் கையிலேயே கொடு. இடையில் நிற்கிறவனிடம் கொடுத்தால் பாதிகூட அவருக்குப் போய்ச் சேராது. 2012 கணக்கெடுப்பில் நாட்டில் நாலு லட்சம் ஒட்டகம் இருந்தது, 2019இல் இரண்டரை லட்சம். இடையில் 2014இல் ராஜஸ்தான் அதை மாநில விலங்காக்கியது, மறுவருஷம் வெட்டத் தடையும் வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோகக் கட்டுப்பாடும் வைத்துச் சட்டம் போட்டது. சட்டம் வந்த பிறகு விற்க வழியில்லாமல் வளர்ப்பதையே விட்டவர்கள் உண்டு. அந்த மனிதரிடம் இரண்டு வார்த்தை பேசு.

குளிரைப் பற்றி உங்கள் திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. 2016 மே மாதம் பலோடியில் 51 டிகிரி அடித்ததே, அதே சீமைதான். டிசம்பர் ராத்திரியில் பத்துக்குக் கீழே போய்விடும். மணலுக்குச் சூட்டை வைத்துக்கொள்ளத் தெரியாது. உனக்கோ மூக்கடைப்பு, அது உன் ஆச்சி வழி.

கோட்டைக்குள் இருக்கிற ஹோட்டலில் அறை போட்டிருக்கிறாய். அதை மாற்றிவிடு, இதை அத்தையின் கட்டளை என்றே வைத்துக்கொள். ராவல் ஜெய்சல் 1156இல் கட்ட ஆரம்பித்த கோட்டை அது. குடத்தில் தண்ணீர் சுமந்து அளந்து செலவழித்த ஜனங்களுக்காகக் கட்டியது. இப்போது அறைக்கு அறை குழாயும் ஷவரும் கக்கூஸும். அத்தனை தண்ணீரும் அடியில் இருக்கிற களிமண்ணில் இறங்கிச் சுவரைச் சரிக்கிறது. கொத்தளங்கள் இடிந்து ஆள் செத்திருக்கிறார்கள். பகலில் போய்ப் பார், ராத்திரி வெளியே வந்து தூங்கு.

கடீசர் ஏரியில் படகு விடுகிறார்கள். ஏறவேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் கரையில் கொஞ்ச நேரம் உட்கார். பதினாலாம் நூற்றாண்டில் ராவல் கட்ஸி அதைச் சீர்செய்தார், பல நூற்றாண்டுக்கு ஊர் முழுவதும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது. வாசலில் இருக்கிற வளைவைத் திலோன் என்ற தாசி கட்டினாள் என்பார்கள். அரண்மனைப் பெண்கள் அவள் கட்டிய வாசலுக்கு அடியில் நடப்பதா என்று முரண்டு பிடிக்க, அவள் மேலே கிருஷ்ணருக்குச் சன்னிதி வைத்துவிட்டாளாம். அதற்குப் பிறகு யார் இடிப்பார்கள்? கெட்டிக்காரி.

குல்தாராவுக்குப் பேய் வீடியோ எடுக்க மட்டும் போகவேண்டாம். பாலிவால் பிராமணர்கள் ஒரே ராத்திரியில் ஊரைக் காலி செய்தார்கள், திவான் சாலிம் சிங் கொடுமை தாங்கவில்லை என்று கதை. கிணறு வற்றிப்போய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பினார்கள் என்று சொல்கிற ஆராய்ச்சிக்காரர்களும் உண்டு. அவர்கள் விட்டுப்போன கடீன் வயலைக் காட்டச் சொல்லிக் கேள். சரிவின் கீழ்ப்பக்கம் மண்ணால் நீளமாக ஒரு கரை போடுவார்கள். மழைத்தண்ணீர் வந்து நிற்கும், ஊறும், பிறகு அந்த ஈரத்தை மட்டும் நம்பிக் கோதுமையும் கடலையும் விதைப்பார்கள். வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர்கூடப் பெய்யாத ஊரில் இது. கொச்சியில் 3000 பெய்கிறது, ஏப்ரலில் லாரித் தண்ணீருக்கு நிற்கிறோம். அனுபம் மிஸ்ரா 1995இல் இந்தியில் ‘ராஜஸ்தான் கி ரஜத் பூந்தேன்’ என்று ஒரு புத்தகமே இந்தத் தண்ணீர் வித்தையைப் பற்றி எழுதினார். உனக்கு இந்தி நன்றாக வருகிறதே, போவதற்கு முன்னால் படி.

அங்கே கேர் சாங்ரி என்று ஒரு கறி வைப்பார்கள். சாங்ரி என்பது கேஜ்ரி மரத்தின் காய். கேஜ்ரி வேறொன்றுமில்லை, நம் வன்னி மரம், விருத்தாசலம் கோயிலின் தல விருட்சம். 1730இல் ஜோத்பூர் ராஜாவின் ஆட்கள் அதை வெட்ட வந்தபோது கேஜட்லி கிராமத்தில் அமிர்தா தேவி மரத்தைக் கட்டிக்கொண்டு உயிரைக் கொடுத்தாள், அவளையும் சேர்த்து பிஷ்னோய் ஜனங்கள் 363 பேர் செத்தார்கள் என்பது அவர்கள் கணக்கு. அது ஒரு மரத்துக்காக.

ஊரில் நம் விளையில் எத்தனை பனை நின்றது தெரியுமா உனக்கு? உன் அப்பா சொல்லியிருக்கமாட்டான்.

நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது அந்த விளையை விற்றான். பத்திரத்தை மாமாவின் ஆபீஸுக்குக் கூரியரில் அனுப்பி என் கையெழுத்தை வாங்கினான். வீட்டுக்கு வந்து ஒரு காபி குடித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். வாங்கினவர் அந்தச் சித்திரைக்குள் எல்லாவற்றையும் வெட்டிச் செங்கல் சூளைக்கு ஏற்றினார். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு சொன்னபோது வெட்ட நம்மிடம் ஒன்றுகூட இல்லை. கேட்டால், ‘வெறும் மணல்தானே அக்கா, என்ன வருமானம்?’ என்பான். இப்போது வெறும் மணலைப் பார்க்க அவன் மகள் ஆளுக்கு முப்பதாயிரம் கட்டுகிறாள்.

அந்த வெறும் மணலில்தான் தாத்தா நின்றார். உடன்குடிக் கருப்பட்டியைச் சிப்பம் சிப்பமாகக் கொண்டுவந்து மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கடை போட்டார். பக்கத்தில் குஜராத்திகள், கட்ச்சிலிருந்து வந்தவர்கள். அவர்களும் மணலையும் உப்பையும் விட்டு வந்தவர்கள்தான் என்று தாத்தா சொல்வார். அவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய்விட்டு வந்ததையும் சேர்த்துச் சொல்வார். உன் அப்பாவின் இன்ஜினியரிங், என் டீச்சர் டிரெய்னிங் எல்லாம் அந்தப் பதனிக் காசு. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பேப்பரில் பார்த்ததும் உன் அப்பாவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்றைத் திருப்பி அனுப்பினான்.

நம் ஊர் மணல்மேட்டை, அந்தத் தேரியை, நீ சரியாகப் பார்த்ததே இல்லை. மொட்டை போட வந்தபோது கைக்குழந்தை, பிறகு ஒருமுறை காரை விட்டு இறங்கவில்லை. ஜெய்சல்மேர் மணல் மஞ்சள். நம்முடையது ரத்தச் சிவப்பு. மணலின் ஒவ்வொரு பொடியிலும் இரும்புத் துரு ஏறியிருக்கிறது. ஆடிக் காற்றில் மேடு இடம் மாறும். அதை நிறுத்தத்தான் பனையும் கொல்லாவும் வைத்து நிரப்பினார்கள். நடுத்தேரியில் நின்றால் உடைமரத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் மேலப்புதுக்குடிப் பக்கம் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் அந்த மணலுக்குள்ளேயே சுனை இருக்கிறது, குளிர்ந்த தண்ணீர். அந்த மேடுகளில் ஆதிமனிதர்கள் செதுக்கிய சின்னஞ்சிறு கல்லாயுதங்கள் கிடைக்கின்றன. சாய்னர், ஆல்ச்சின் என்று இரண்டு வெள்ளைக்காரர்கள் 1956இலேயே அதைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார்கள். லண்டனிலிருந்து ஆள் வந்து பார்த்திருக்கிறான். பெங்களூரிலிருந்து நீ வரவில்லை.

உங்கள் லீவு டிசம்பர் 13 முதல் 18 வரை. கார்த்திகை முடிகிற நாளில் நம் கற்குவேல் அய்யனாருக்குக் கள்ளர்வெட்டு. தேரி மணலில் இளநீரைக் கள்ளனாக வைத்து வெட்டுவார்கள், தண்ணீர் தெறித்த மணலை எல்லாரும் அள்ளி முடிந்துகொண்டு போவார்கள். தாத்தா அதைக் கடைக் கல்லாவில் வைத்திருந்தார். அந்தப் பொட்டலம் இப்போது என் பீரோவில் இருக்கிறது, அதை உன் அப்பா கேட்டதே இல்லை.

ஆகவே இரண்டு வழி இருக்கிறது. ஜெய்சல்மேருக்கு இந்த டிசம்பரில் போகலாம், வருஷக்கடைசிக் கூட்டம், இரட்டை வாடகை, குளிர், அந்தப் பம்பர் பெண். அல்லது நாலு பேரும் இங்கே வந்து, இரண்டு நாள் ஃபோர்ட் கொச்சி எல்லாம் சுற்றிவிட்டு, சாயங்காலம் எர்ணாகுளம் டவுன் ஸ்டேஷனில் பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் திருநெல்வேலி. திருச்செந்தூர், தேரி, கோயில், உடன்குடி. ராஜஸ்தானை மாசியில் ஒரு வாரம் முழுசாக எடுத்துக்கொண்டு ரயிலில் போகலாம். அங்கே கானமயில் மிகக் கொஞ்சம்தான் மிச்சம், அதையும் ஆர அமரத் தேடிப் பார்க்கலாம். எது வேண்டுமோ நீயே முடிவு செய். நான் எந்தப் பக்கமும் பேசவில்லை. திருச்செந்தூரில் இரண்டு அறைக்கு மாமா சொல்லி வைத்திருக்கிறார், அது சும்மா ஒரு முன்னேற்பாடு.

இத்தனையும் எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தால் மாமா சிரிக்கிறார், ‘பிள்ளை விடுமுறைக்குப் போகிறதா, வழக்குக்குப் போகிறதா?’ என்று. நீ ஒன்றையும் மனசில் வைத்துக்கொள்ளாதே, என் தங்கமே. நீ எங்கே போனாலும் எனக்குச் சந்தோஷம். இந்தக் குடும்பத்துப் பெண்களில் சொந்தக் காசில், சொந்தச் சிநேகிதிகளோடு, யாரிடமும் அனுமதி கேட்காமல் ஊர் பார்க்கப் போகிற முதல் ஆள் நீதான். ஆச்சி இருந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். ஜெய்சல்மேர் என்றால் ஜெய்சல்மேர். நன்றாகச் சிரித்து, நன்றாகச் சாப்பிட்டு, ஒட்டகத்தில் ஏறி, போட்டோ எடுத்து எனக்கு முதலில் அனுப்பு. சம் கூடாரம்தான் வேண்டுமென்றால் அதிலேயே தங்கு, பாட்டுக்கு ஆடு, அத்தை ஒன்றும் சொல்லமாட்டேன். உன் அக்கவுன்டில் மாமா ஐயாயிரம் போட்டிருக்கிறார், திருப்பி அனுப்பினால் எனக்குக் கோபம் வரும். ஏத்தக்காய் உப்பேரி இரண்டு கிலோ பார்சலில் வருகிறது, ஒரு கிலோ அந்தக் கார் ஓட்டுகிற பெண்ணுக்கு. மாமாவின் ஸ்வெட்டர் உனக்குத் தொளதொளவென்று இருக்கும், ஆனாலும் எடுத்துப் போ. காதுக்கு மஃப்ளர் தனியாக வாங்கிக்கொள்.

உன் அன்பு அத்தை

பி.கு.: இந்தக் கடிதத்தை அப்பாவிடம் காட்டவேண்டாம். கேட்டால், ஸ்வெட்டர் அளவு விசாரித்து எழுதியிருந்தேன் என்று சொல்.