தொட்டிக்கரியும் தண்ணீரும்: ஒரு வகுப்பறைச் செயல்பாடு

ஒன்பதாம் வகுப்பில் கார்பன் பாடத்தை வைரம், கிராஃபைட் என்று தொடங்குவது நம் வழக்கம். எங்கள் காங்கேயம் பகுதி மாணவர்கள் தினமும் பார்க்கும் கார்பன் வேறு. கொப்பரை எடுத்தபின் களங்களில் குவியும் தேங்காய்த்தொட்டி கரியாகிறது. அக்கரியிலிருந்து, தண்ணீர் வடிகட்டிகளில் இடும் கிளர்வூட்டப்பட்ட கரி தயாராகிறது. இதை வைத்து நான் இரண்டு பாடவேளைகளில் நடத்தும் பாடத்தை இங்கே பகிர்கிறேன்.

கரி எப்படிக் கிளர்வூட்டப்படுகிறது?

தொட்டியைப் போதிய காற்றில்லாமல் சூடாக்கினால், ஆவியாகும் பொருள்கள் வெளியேறிக் கரி மிஞ்சும். அதன் நுண்துளைகள் பலவற்றைத் தார் அடைத்திருக்கும். ஆலைகளில் இக்கரியை ஏறத்தாழ 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீராவியுடன் வினைபுரியச் செய்கிறார்கள். கார்பனின் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாற, ஹைட்ரஜனும் வெளியேறுகிறது. துளைகள் திறந்து பெருகுகின்றன. நச்சு வாயு உண்டாவதால் இதைப் பள்ளியில் செய்து பார்க்கவே கூடாது.

பரப்பைக் கணக்கிடுதல்

1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் புறப்பரப்பு 6 ச.செ.மீ. அதை 1 மி.மீ. கனசதுரங்களாக வெட்டினால் 1000 துண்டுகள். மொத்தப் பரப்பு 60 ச.செ.மீ. நல்ல கிளர்வூட்டப்பட்ட கரி 1 கிராமில் ஏறத்தாழ 1000 ச.மீ. பரப்பு உண்டு. 13 மீ. நீளம், 10 மீ. அகலமுள்ள கபடிக் களத்துடன் ஒப்பிடச் சொன்னால், ஏழு களங்களுக்கும் மேல் என்று மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். மாசு இந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்வதே பரப்புக் கவர்தல்.

செயல்பாடு

இஸ்திரிக் கடையில் தொட்டிக்கரியும், அலங்கார மீன் கடையில் கிளர்வூட்டப்பட்ட கரியும் கிடைக்கும். இரண்டையும் பொடித்து ஒரே சல்லடையில் சலிக்கவும். மூன்று குவளைகளில் மிகவும் நீர்த்த மெத்திலீன் நீலக் கரைசலை 100 மி.லி. வீதம் எடுக்கவும். ஒன்றில் எதுவும் இட வேண்டாம். மற்றவற்றில் ஒவ்வொரு கரியிலும் 1 கிராம் இடவும். அரைமணி நேரம் அவ்வப்போது கலக்கி, மூன்றையும் வடிதாளில் வடித்து நிறத்தை ஒப்பிடவும்.

அடுத்து, உப்புக் கரைசலைக் கிளர்வூட்டப்பட்ட கரியுடன் கலந்து வடித்து, சில துளிகளைக் கண்ணாடித் தகட்டில் உலர விடவும். வெண்மையான உப்புப் படிவு தெரியும். நிறம் போன தண்ணீரெல்லாம் குடிநீர் ஆகாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கரைந்த உப்பும் நோய்க்கிருமிகளும் அதில் இருக்கலாம். வடித்த நீரை யாரும் சுவைக்கக் கூடாது.

ஒரு மாணவியின் கேள்வி

"ஏனுங்க டீச்சர், கரி தண்ணியச் சுத்தம் பண்ணுதுன்னா, கரி சுடுற குழிக்குப் பக்கத்துல எங்க கிணத்துத் தண்ணி மட்டும் எதுக்குங்க கறுத்துப்போச்சு?"

இந்தப் பாடத்தின் முக்கியமான கேள்வி இதுதான். திறந்த குழியில் சுடும்போது தாரும் பீனால் சேர்மங்களும் புகையோடு வெளியேறுகின்றன. ஒரு பகுதி குழியிலேயே தங்கும். கரியை அணைக்க ஊற்றும் தண்ணீர் அவற்றை மண்ணுக்குள் கொண்டுபோகிறது. மூடிய உலையில் அந்த வாயுக்களை எரித்து வெப்பமாகப் பயன்படுத்தலாம். கரியைத் தண்ணீர் ஊற்றாமல் காற்றுப்புகாத கலனில் ஆறவிடலாம்.

கரி சுடும் வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளும் அதே வகுப்பில்தான் இருந்தார்கள். அவர்கள் தலைகுனியும்படி பேச்சு போய்விடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. அதனால், "தொழிலும் நடக்க வேண்டும், கிணறும் கெடக் கூடாது. எந்தப் படியை மாற்றலாம்?" என்று குழுக்களுக்குக் கொடுத்தேன். தண்ணீர் ஊற்றி அணைக்கும் படியைத்தான் எல்லாக் குழுக்களும் முதலில் வட்டமிட்டன.

மதிப்பீடு

1. கரி சேர்க்காத குவளை எதற்காக?
2. உறிஞ்சுதலும் பரப்புக் கவர்தலும் எவ்வாறு வேறுபடுகின்றன?
3. நிலக்கடலைத் தோல், நெல் உமி ஆகியவற்றிலிருந்தும் இக்கரி தயாரிக்கலாம். உங்கள் ஊரில் மிஞ்சும் வேளாண் கழிவு எது? அதைக் கரியாக்கும்போது புகையும் கழிவுநீரும் எங்கே போகும்?