கொடுமணல் பானைப் பொறிப்புகளும் ஒளிப்படச் சான்றும்

திறவுச்சொற்கள்: கொடுமணல், நொய்யல், தமிழ்-பிராமி, குறியீடு, ஒளிப்படம், அடையாளம்

திருப்பூரின் ஊடாக ஓடும் நொய்யலாறு காவிரியில் கலப்பதற்கு முன்னர், அதன் வடகரையில் சென்னிமலையை அடுத்து அமைந்துள்ள ஊர் கொடுமணல். பதிற்றுப்பத்தின் 67, 74ஆம் பாடல்கள் சுட்டும் கொடுமணம் இதுவே என்பது அறிஞர் கருத்து. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும், 2012, 2013ஆம் ஆண்டுகளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் இங்கு அகழாய்வு நிகழ்த்தின. மணித்தொழிலால் பெரிதும் அறியப்பட்ட ஊர் எனினும், அங்கு வாழ்ந்தோரின் பெயர்கள் எஞ்சியிருப்பது பானையோடுகளில்தான்.

சம்பன் சுமணன், கண்ணன் ஆதன் போன்ற பெயர்கள் தமிழ்-பிராமியில் காணப்படுகின்றன. இவற்றுட் பெரும்பாலானவை பானை சூளையில் சுடப்பட்ட பின்னர்க் கூரிய கருவியால் கீறப்பட்டவை. எனவே, எழுதியவர் வேட்கோவராக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. கலத்தை உடைமையாகக் கொண்டவராகவே இருத்தல் கூடும். மட்கலன் செய்தவனுடைய அடையாளமும் அதனைப் பயன்கொண்டவனுடைய அடையாளமும் இங்கு வேறு வேறு. பண்பாட்டுப் பெருமிதம் பேசும் எழுத்துகள் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் கருதுவதில்லை.

இன்று ஆய்வாளருட் பெரும்பாலோர் ஓட்டை நேரிற் காண்பதில்லை, ஒளிப்படத்தையே படிக்கின்றனர். கீறல் ஆழமற்றது, ஓடு வளைவானது. ஆதலின் பக்கவாட்டில் தாழ்வாக ஒளி பாய்ச்சியே படமெடுக்க வேண்டும். ஆனால், ஒளி வரும் திசைக்கு இணையாகச் செல்லும் கீறல் நிழல் தராது மறைந்துவிடும். ககர எழுத்தின் மேற்பகுதியில் வலப்புறம் இடப்படும் சிறுகோடே அதனைக் 'கா' எனப் படிக்கச் செய்வது. அக்கோடு மறையின் பெயரே மாறிவிடும். தற்செயலாய் விழுந்த கீறலொன்று எழுத்தாகத் தோன்றுவதும் உண்டு. ஒரே ஓட்டினை இரு திசை ஒளியிலேனும் படமெடுத்து, அளவுகோலுடனும் உடைந்த விளிம்புடனும் வெளியிடுதல் இன்றியமையாதது. விளிம்பை வெட்டி நீக்கிய படத்தில், பெயர் முடிந்ததா முறிந்ததா என்பதை எவ்வாறு அறிவது?

குறியீடுகளில் இச்சிக்கல் மேலும் பெரிது. தமிழகத்தின் 140 தொல்லிடங்களில் கிடைத்த 15,184 குறியீட்டு ஓடுகளைத் தொகுத்துச் சிந்துவெளிக் குறிகளுடன் ஒப்பிட்ட ஆய்வு 2025இல் வெளிவந்தது. அரிய உழைப்பு அது. ஆயினும் வடிவ ஒப்புமை வேறு, ஒலி ஒப்புமை வேறு. நாளிதழில் அருகருகே அச்சிடப்படும் இரு படங்கள் அவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டிவிடும் ஆற்றல் உடையவை.

கொடுமணலில் நடுவே துளையிட்டு இரும்புக் கம்பி செருகிய சுடுமண் தக்களியும் கிடைத்துள்ளது. திருப்பூர்ப் பனியன் தொழிலின் மூலமாக இதனைக் காட்ட விழைவோர் உளர். பின்னலாடை 20ஆம் நூற்றாண்டில் எந்திரத்தோடு வந்தது; தக்களி நூற்பைக் காட்டுமேயன்றிப் பின்னலை அன்று. இரண்டையும் உண்மையில் இணைப்பது ஆறுதான். சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை கொடுமணலுக்கு அண்மையில் உள்ளது. ஓட்டினைப் படமெடுப்போர் அக்கரையையும் சேர்த்துப் பதிவு செய்திருப்பின், தொல்லிடத்தின் இன்றைய சூழலும் ஆவணமாகியிருக்கும்.